காப்புக் கையோடு குதித்தவள்

அக்காவுக்கு எதையும் ஒரு தடவையோடு விடத் தெரியாது. அதுதான் அவள் குணம், அதுதான் அவள் வியாதி. சினிமாவுக்குப் போனால் மறுநாளும் அதே படத்துக்குப் போவாள். "முதல் வாட்டி கதைதான் நம்மள இழுத்துனு போவுது புள்ள. ரெண்டாவது வாட்டிதான் நாம படம் பாக்குறோம்" என்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமே, "இன்னிக்கு எனக்குக் கை நடுங்குது, உங்க மூஞ்சிய நான் சரியாவே பாக்கல. அடுத்த வாரம் இன்னொரு வாட்டி வர்றீங்களா?" என்று கேட்டவள் அவள். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த மனுஷன் ஒன்றும் பேசாமல் அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார். அவர்தான் மாமா. ரக்கிரக்கி ஊருக்குப் பஸ் ஓட்டுகிறவர். பேச்சு என்பது பெட்ரோல் மாதிரி, வீணாக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. ஃபீஜித் தீவில், நாந்தி ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில், வெள்ளைக்காரப் பயணிகளுக்குத் தீவுப் பயணம், ஆற்றுப் படகு, மீன்பிடிப்பு என்று பதிவு செய்து கொடுக்கும் மேசையில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவளுக்கு நாற்பதை நெருங்குகிற வயது. எனக்கு அப்போதுதான் கல்லூரிப் படிப்பு முடிந்திருந்தது. சுலு ஜம்பா என்கிற பூப்போட்ட உடுப்பைக் கணுக்கால் வரை தழையக் கட்டி, காதில் செம்பருத்தி வைத்து, வருகிறவர்களைப் பார்த்து "பூலா!" என்று பல் தெரியச் சிரிக்க வேண்டும். மற்றவர்களோடு எங்களுக்கு ஃபீஜி இந்திதான். ஆனால் அக்காவின் அம்மா கோவிலில் பாட்டுப் பாடுகிறவள், என் அப்பா கோவில் கமிட்டிக்காரர், அதனால் எங்கள் இரண்டு பேர் வாயிலும் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் வாடிக்கையாளரைத் திட்டுவதற்கு அதைவிட வசதியான மொழி கிடையாது. இப்படி எழுத்துத் தமிழில் எழுத நான் கற்றது பிற்பாடு, சிட்னியில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், என் மகளோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து.

அந்தச் சனியன் பிடித்த ஆசையை அவளுக்கு மூட்டிவிட்டது நான்தான் என்று மாமா கடைசிவரை நம்பினார். உண்மையில் என் பயம்தான் மூட்டிவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு பயணத்தை விற்க வேண்டுமென்றால், நடத்துகிறவர்கள் முதலில் எங்கள் மேசை ஆட்களை இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பார்த்தவள் சொன்னால்தானே வாங்குகிறவன் நம்புவான்? அப்படித்தான் நியூசிலாந்துக்காரர் ஒருவர், தாடியும் தோளும் ஒரே அகலத்தில் இருக்கிற ஆள், ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குக் கொண்டுவந்து ஸ்கைடைவிங் ஆரம்பித்தார். மேசைக்கு ஓர் இலவச இடம். இந்த முறை என் முறை.

"ஆகாசத்துல இருந்து என்னைத் தள்ளிவிடப் போறாங்களா? நான் மாட்டேன். வேலை போனாலும் சரி" என்றேன்.

"தள்ள மாட்டாங்க புள்ள. முதுகுல ஒருத்தரக் கட்டித்தான் விடுவாங்க."

"முதுகுல கட்டினா மட்டும் ரெக்க முளைக்குமா? நீ போ!"

போனாள். நானும் வேனில் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க. கரும்புத் தோட்டத்துக்கு மருந்து தெளிக்கிற விமானங்களுக்காக எந்தக் காலத்திலோ போட்ட புல்வெளி ஓடுதளம் ஒன்று எங்கள் குடியிருப்பின் ஓரத்தில் இருந்தது. அங்கேதான். விமானம் மேலே போய்ப் புள்ளியானது. அந்தப் புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி பிரிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பாராசூட் விரிந்து, அக்காவின் கால்கள் தொங்குகிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. பயிற்சியாளரான அந்த நியூசிலாந்துக்காரர் பின்னால், அக்கா முன்னால், இரண்டு பேரும் புல்லில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முடி நாலு பக்கமும் நட்டுக்கொண்டு நிற்க, கண்ணில் தண்ணீர் வழிய அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? கடவுளைக் கூப்பிடவில்லை, மாமாவைக் கூப்பிடவில்லை.

"அடுத்தது எப்போ?"

பயிற்சியாளர் சிரித்தார். எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள், நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்றார். அக்கா சிரிக்கவே இல்லை. "பயந்துனே இருந்தேன், ஒண்ணும் பாக்கல. வீணாப் போச்சு. அடுத்தது எப்போன்னு சொல்லு" என்று ஆங்கிலத்தில் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றாள்.

இரண்டாவது தடவையும் போனாள். மூன்றாவதும் போனாள். பிறகு ஒரு நாள் மேசையில், தலையை நிமிர்த்தாமல், "முதுகுல ஆளில்லாம போவணும்" என்றாள். "சுமந்துனு போறவன் பாக்குறான். சுமக்கப்பட்டவ சும்மா தொங்குறா. இத ஒழுங்காக் கத்துக்கணும் புள்ள. விளையாட்டா இல்ல, விளையாட்டாவே." அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. கிரிக்கெட்டை ஒருவன் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு மழையிலும் வெயிலிலும் பயிற்சி எடுக்கிறானே, அப்படி என்று பிறகுதான் புரிந்தது.

ஐயோ, அந்தப் பயிற்சி! விழும்போது வயிறு முன்னால் தள்ளி, உடம்பு வில்லாக வளைந்து, கைகால் பின்னுக்குப் போக வேண்டுமாம். ஓட்டலில் பெட்டி ஏற்றும் தள்ளுவண்டி மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, பெட்டி தூக்குகிற ஃபீஜிய அண்ணனைத் தள்ளச் சொல்லுவாள். அவர் "ஓலே!" என்று கத்திக்கொண்டு நீளத் தாழ்வாரத்தில் தள்ள, அக்கா சுலு படபடக்கப் பறந்து வருவாள். எதிரில் மேனேஜர் வந்தால் "பூலா, சார்!" என்பாள், படுத்தபடியே. பாராசூட் சிக்கிக்கொண்டால் அதை அறுத்துவிட்டு இரண்டாவதைத் திறக்க ஒரு வழி உண்டு: பார், பிடி, இழு. வலது கை ஒரு பிடிக்கு, இடது கை இன்னொன்றுக்கு. அதைத் தூக்கத்திலும் செய்யப் பழக வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னாராம். அவள் டெலிபோனில் பேசிக்கொண்டே செய்தாள். ஒரு ஆஸ்திரேலியக் கிழவி, இவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து மாரடைப்பு என்று அலறி, ஓட்டல் நர்ஸே ஓடிவந்துவிட்டாள்.

தனியாகக் குதித்த ஆரம்ப நாட்களில் ஒரு நாள், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் கடலோரக் கண்டல் மரச் சேற்றில் போய் விழுந்தாள். இடுப்பளவு சேறு. நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஃபீஜியப் பெண்கள் பாராசூட்டையும் அவளையும் சேர்த்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். இழுத்ததோடு விடாமல், பாவம் பயந்திருப்பாள் என்று ஓலையில் கட்டி நான்கு நண்டும் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் தேங்காய்ப் பால் ஊற்றி நண்டுக் குழம்பு. நானும் இருந்தேன்.

"நண்டு ஏது?" என்றார் மாமா.

"வர்ற வழியில கிடைச்சுது."

"எந்த வழி?"

"மேல இருந்து வர்ற வழி."

மாமா நண்டு ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.  அந்த மனுஷன் ஒரு தடவைகூட ஓடுதளத்துக்கு வந்ததில்லை. அவள் குதிக்கிற நாளில், வேறு டிரைவரிடம் கெஞ்சியாவது நீளமான ரக்கிரக்கி ஓட்டத்தை வாங்கிக்கொள்வார். அங்கே மலை மறைக்கும், நாந்தி வானம் தெரியாது. வழியில் தவுவாவில் டீ குடிக்க நிறுத்தும்போது மட்டும் கடை டெலிபோனிலிருந்து எங்கள் மேசைக்கு ஒரு போன் வரும். "அவ இருக்காளா?" அவ்வளவுதான். இருக்கிறாள் என்றால் வைத்துவிடுவார்.

இதற்கு நடுவில்தான் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு ஆட்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். கூ, கூ, ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று ரேடியோ அலறியது. முதல் கூ வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை, அப்போதே எங்கள் தெருவில் பாதி வீடு காலி. இப்போது மீதிப் பாதி கிளம்பியது. ஓட்டல் ஒரே வாரத்தில் வெறிச்சோடியது. நீச்சல் குளத்தில் தவளை. நாங்கள் இரண்டு பேரும் ஆளில்லாத மேசையில் உட்கார்ந்து, யாருமில்லாத வாசலைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம். போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: யாருக்கு விசா வந்தது, யார் கட்டில் பீரோவை விற்கிறார்கள். இங்கே தலைமையாசிரியராக இருந்த என் சித்தப்பா ஆக்லாந்தில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கோ அது யோகமாகப் போயிற்று. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். பயணிகள் இல்லை. விமானத்தைச் சும்மா நிறுத்தினால் எஞ்சின் கெட்டுப்போகும், அடிக்கடி மேலே கொண்டுபோக வேண்டும். காலியாகப் போகிற விமானத்தில் ஓர் ஆள் ஏறினால் என்ன? நாடே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் அக்கா விடியற்காலையில் குதித்துவிட்டு, காதுக்குள் காற்றோடு வேலைக்கு வருவாள். "புள்ள, இன்னிக்கு மேகத்துக்குள்ள பூந்து வந்தேன்! ஈரம் புள்ள! மேகம்னா ஈரம்!" என்று என் இரண்டு கன்னத்தையும் ஜில்லென்று பிடிப்பாள். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கே, தரையை விட்டு ஒரு அடி உயராத எனக்கே, உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

அப்புறம் மாமாவுக்கு நியூசிலாந்து விசா வந்தது. மகன் ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்தான். போகிறதில் அக்காவுக்கு மறுப்பில்லை. மறுப்பு ஒன்றே ஒன்றில்தான்.

"அங்க போனா இதெல்லாம் மூட்ட கட்டிடணும்" என்றார் மாமா. அவருக்கு அது பெரிய சொற்பொழிவு. "வேலை, வீடு, புள்ள படிப்பு. ஆகாசம் எல்லாம் இங்கயே போதும்."

"தனியாக் குதிக்க எனக்கு லைசென்ஸ் கார்டு வரப்போவுது."

"வந்தா பேசலாம். வரலன்னா விட்டுடணும். சரியா?"

"சரி."

மேசையில் வந்து என்னிடம் பொரிந்து தள்ளினாள். "அங்க போனா எல்லாரையும் மறுபடி முதல் கிளாஸ்ல உக்கார வெப்பாங்க புள்ள. உன் சித்தப்பாவப் பாரு. நான் எங்க போய் உக்காரப் போறேனோ, துணி துவைக்கிற கம்பெனியோ, கோழி வெட்டுற கம்பெனியோ. பரவால்ல. இந்த ஒண்ணுல மட்டும் பாஸ் பண்ணின ஆளா எறங்கணும். கார்ட நீட்டினா, வா, ஏறுன்னு சொல்லணும். கார்டு இல்லன்னா நான் திரும்ப ஆரம்பிக்க மாட்டேன். எனக்கே தெரியும். விட்டுடுவேன்."

எதையும் விடத் தெரியாதவள் சொல்கிறாள், விட்டுவிடுவேன் என்று!

கார்டுக்கு ஒரே ஒரு குதிப்பு பாக்கி. தானே விமானத்தைவிட்டு இறங்கி, தானே விரித்து, தானே ஓட்டி, பயிற்சியாளர் சுண்ணாம்பில் போட்டிருக்கும் வட்டத்துக்குள் இறங்க வேண்டும். மாதக் கடைசிவரை விமானம் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில்தான், விசா வந்தால் தீ மிதிக்கிறோம் என்று மாமா நேர்ந்துகொண்டபடி, இரண்டு பேரும் எங்கள் குடியிருப்பு மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, மஞ்சள் துணி, ஒருவேளைச் சாப்பாடு, கோவில் வளாகத்திலேயே படுக்கை. காப்பு அவிழ்க்கிறவரை வெளி ஆள் தொடக் கூடாது, எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்றால் ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் மெயின் ரோடு, ஒரு பக்கம் குன்று, இன்னொரு பக்கம் கரும்பு ரயில் தண்டவாளம். நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டு எல்லை கட்டியாயிற்று.

மறுநாள் காலையில் மேசைக்குப் போன் வந்தது. பயிற்சியாளர். விமானத்தின் சொந்தக்காரர் உடனே அனுப்பச் சொல்லிவிட்டார், நாளை விடிந்ததும் கிளம்புகிறது. இன்று மாலை ஒரு தடவை மேலே போகலாம். அவ்வளவுதான்.

நான் சுலுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன்.

சொன்னதும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். மாமா உட்கார்ந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். கோவில் தலைவர், சர்க்கரை ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், "அரே, முடியாது, முடியாது!" என்று கையை ஆட்டினார். "காப்புக் கட்டின பொம்பள ஆகாசத்துக்குப் போறதா? எல்லை தாண்டினதா ஆயிடும்."

"ஓடுதளம் எல்லைக்கு உள்ளதானே இருக்கு?" என்றேன்.

"ஓடுதளம் உள்ள. ஆகாசம்?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சத்தியமாக, மஞ்சள் கட்டிய அத்தனை பேரும், நானும் அண்ணாந்து பார்த்தோம்.  நான்கு மூலைக்கு எலுமிச்சம்பழம் வைத்தோமே, மேலே எங்கே கொண்டுபோய் வைப்பது?

பூசாரி மற்ற நாளில் கரும்பு வெட்டுகிறவர். உடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலையை மென்றபடி யோசித்தார். யோசித்தார் என்றால், எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது.

"கரகம் எங்க இருக்கு? தலைக்கு மேல" என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்னா? ஆகாசம். அதுக்காகக் கரகம் எல்லை தாண்டிடுச்சுன்னு எவனாவது சொன்னானா? மேல எவ்ளோ ஒசரம் போனாலும் அது அம்மா வூட்டுக் கூரைதான். கால்தான் கணக்கு. இந்த மண்ண வுட்டுப் போற கால், இந்த மண்ணுலயே வந்து எறங்கணும்." பிறகு அக்காவைப் பார்த்து விரலை நீட்டினார். "தண்டவாளத்துக்கு அந்தாண்ட உன் கால் பட்டுச்சுன்னா காப்பு போச்சு. நீ தீயில எறங்க முடியாது. சோடியாக் கட்டினது, உன் வூட்டுக்காரரும் எறங்க முடியாது. வேண்டுதல் பாழ். யோசிச்சுக்க."

அக்கா மாமாவைத்தான் பார்த்தாள். பெரிய பயணத்துக்கு முன்னால் வைத்த வேண்டுதல் அது, அவர் வைத்தது. மாமா தன் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சலோ" என்றார். "போ. உள்ளயே எறங்கு."

இதில் மாமா யோசிக்காதது ஒன்று உண்டு. அவரும் காப்புக் கட்டியவர். ரக்கிரக்கிக்கு ஓட முடியாது. மலைக்குப் பின்னால் ஒளிய முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் குதிப்பதை அவர் பார்த்தே ஆக வேண்டும்!

மாலையில் ஊரே ஓடுதளத்தில். மஞ்சள் புடவையைக் கச்சமாகக் கட்டி, அதன்மேல் குதிக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டாள். தோல் செருப்பு ஆகாது என்பதால் கான்வாஸ் ஷூ. காப்புக் கயிறு எதிலாவது மாட்டி அறுந்தால் அதுவே வினை என்று, பயிற்சியாளர் துணி நாடாவால் அதை மணிக்கட்டோடு ஒட்டிவிடப் போனார். "தொடாத! தொடாத!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். கடைசியில் அவர் நாடாவை நீட்ட, மாமாதான் ஒட்டினார். ஒருதரம் சுற்றி, போதாதென்று இன்னொரு தரம்.

விமானம் ஏறியது. புள்ளியானது. கடற்காற்று கிளம்பியதும் அப்போதுதான். காற்றின் திசை காட்ட ஓடுதளத்தில் கட்டியிருந்த, அதுவரை சும்மா தொங்கிய கம்பத்துத் துணிப்பை விறைத்துக்கொண்டு நின்றது. காற்று கடலிலிருந்து தண்டவாளத்துப் பக்கம் அடித்தது.  அவள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அந்த அளவுக்குத் தெரியும்: காற்றுக்கு எதிரே முகம் வைத்துத்தான் இறங்க வேண்டும். அப்படியென்றால் அவள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். காற்று பலமாக இருந்தால் வர முடியாது. போன இடத்திலேயே இறக்கிவிடும்.

மேலே ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. முதல் புள்ளி அக்கா. விழுகிறாள், விழுகிறாள், விழுகிறாள், எவ்வளவு நேரம்டி விழுவாய்! படீரென்று ஆரஞ்சுத் துணி விரிந்தது. ஊர் முழுக்க "அம்மா!" என்றது. பம்பைக்காரன் தன்னையறியாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டான். பின்னால் குதித்த பயிற்சியாளர் தன் சின்னப் பாராசூட்டில் சரசரவென்று முந்தி இறங்கி, வட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அக்கா நேராக எங்கள் தலைக்கு மேலே வந்தாள். கடந்தாள். வட்டத்தைக் கடந்தாள். தண்டவாளத்தையும் கடந்தாள்.

"போயிட்டா! போச்சு!" என்று தலைவர் நெற்றியில் அறைந்துகொண்டார்.

மாமா ஓடினார். கரகத்துக்கு மேலே பிடிக்கிற பெரிய மஞ்சள் துணியைக் கையில் வாரிக்கொண்டு, மூன்று பேரை இழுத்துக்கொண்டு, அறுத்த கரும்புக் கட்டை காலில் குத்தக் குத்த ஓடினார். நாலு பேரும் நாலு மூலையைப் பிடித்து விரித்தார்கள். எதற்கு? அவளைத் துணியில் பிடித்துவிடலாம் என்று! தண்டவாளம் வந்ததும் அப்படியே நின்றார். அதற்கு அந்தப் பக்கம் அவராலும் போக முடியாது. கட்டை விரல் தண்டவாளத்தை முட்ட, துணியை நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து நின்றார்.

அக்கா அங்கே திரும்பிவிட்டாள். முகம் எங்களைப் பார்த்து, கடலைப் பார்த்து. ஆனால் பாராசூட் நகரவில்லை. காற்று எதிரே தள்ளியது. அது அப்படியே தொங்கிக்கொண்டு, இறங்கிக்கொண்டு மட்டும் இருந்தது. அவளுக்குக் கீழே நல்ல சமமான நிலம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் பூ மாதிரி இறங்கலாம். காப்பு போய்விடும், கார்டும் போய்விடும், அவ்வளவுதான்.

"இழு! கயிற இழு!" என்று ஊரே கத்தியது. பயிற்சியாளர் மட்டும், "கையை மேலே விடு! மேலே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். இழுத்தால் பாராசூட் நின்றுவிடும், விட்டால்தான் முன்னால் பாயும். பயத்தில் எவனுக்கும் இழுக்கத்தான் கை வரும். நானே கத்தினேன், இழு என்று!

அக்கா இரண்டு கையையும் மேலே விட்டாள்.

பாராசூட் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு கை அளவு, ஒரு ஆள் அளவு, வருகிறது, வருகிறது! தண்டவாளத்துக்கு மேலே வரும்போது அவள் இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள். மஞ்சள் துணிக்கு மேலே, நாலு பேர் தலைக்கும் மேலே, மாமாவின் முகத்தில் நிழல் விழ, விர்ரென்று போனாள். போய், கடைசி நொடியில் கயிற்றை இழுத்து, இரண்டு கால் ஊன்றி, நிற்க முடியாமல் மூக்கு குப்புறச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் விழுந்தாள்.

அந்தச் சத்தம்! அப்படி ஒரு சத்தத்தை அந்த வருஷத்தில் எங்கள் ஊர் போடவே இல்லை. பயிற்சியாளர் கையை விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்க ஓடிவர, அக்கா சுண்ணாம்பு அப்பிய முகத்தைத் தூக்கி, "தொடாத! காப்பு!" என்று அலறினாள். அவர் பிரேக் போட்டு நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார். "லைசென்ஸ் உனக்குத்தான்" என்றார். பூசாரி குனிந்து அவள் காலைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், உடுக்கையை ஒரு தட்டுத் தட்டினார். நான் அழுதுகொண்டே குதித்தேன். குதிக்கவே மாட்டேன் என்றவள்தான்.

மாமாவும் அந்த மூன்று பேரும் இன்னும் தண்டவாளத்து ஓரத்திலேயே துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி, மேலே பார்த்து நின்றார்கள். பிறகு அந்த மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். மாமா திரும்பவில்லை. அக்கா பாராசூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

"ஏங்க, எறங்கிட்டேன். துணிய விடுங்க."

மாமா திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. துணியை விடாமல் அதிலேயே துடைத்துக்கொண்டார்.

"உள்ளயா எறங்கின?"

"உள்ளதான்."

"கார்டு?"

"வந்துடுச்சு."

"அப்ப அங்க போயும் குதிப்ப."

"குதிப்பேன்."

மாமா துணியை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்க போனதும் எல்லை எதுன்னு முதல்ல விசாரிச்சு வெச்சிடு" என்றார். "எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியணும் இல்ல."